ஜெர்மனிக்குக் கிளம்பும் முன்: ஒரு நோட்டு, மூன்று கட்டம், ஒரு மாதக் கணக்கு

"வருஷம் அறுபதாயிரம் யூரோவாம்" என்று சேதி வந்த நிமிஷமே வீட்டில் யாராவது ஒருவர் போனை எடுத்து நூறால் பெருக்கிவிடுவார். எங்கள் வீட்டில் அது மாமனார். அறுபது லட்சம் என்று அவர் சொன்னது அன்று ராத்திரிக்குள் நங்கநல்லூர்ச் சொந்தக்காரர்கள் வரை போய்விட்டது. பெருக்கல் சரிதான். அந்த அறுபது லட்சத்தில் மாசக் கடைசியில் கையில் என்ன நிற்கும் என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

வேளச்சேரியிலிருந்து மியூனிக் போய்க் குடும்பம் நடத்த ஆரம்பித்த பிறகு, கிளம்பத் தயாராக இருக்கும் நண்பர்கள் போன் பண்ணி "அங்கே செலவெல்லாம் எப்படி?" என்று கேட்கிறார்கள். நேரடியாகப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பக்கத்தை மூன்று கட்டமாகப் பிரிக்கச் சொல்கிறேன். முதல் கட்டத்தில் இங்கே சென்னையில் ஆகும் செலவு, இரண்டாவதில் அதே விஷயத்துக்கு அங்கே ஜெர்மனியில் ஆகும் செலவு, மூன்றாவதில் அதை அங்கே யார் செய்வார்கள், எவ்வளவு நேரம் பிடிக்கும். இந்த மூன்றாவது கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். போன இடத்தில் திணறுவதும் பெரும்பாலும் அதனால்தான்.

முதலில் நீங்கள் இப்போது வாழும் மாதம்

நம்பியோ (Numbeo) மாதிரி விலை ஒப்பிடும் இணையத் தளங்களில் சென்னை, மியூனிக் என்று இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டால் எத்தனை சதவீதம் விலை அதிகம் என்று உடனே காட்டும். பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அங்கிருக்கும் விலைகளில் பெரும்பகுதி பயனர்களே ஏற்றியவை. அதில் இருக்கும் கூடையும் உங்கள் கூடை இல்லை. கேப்புசினோ விலை இருக்கும், இட்லி அரிசி விலை இருக்காது. ஜிம் கட்டணம் இருக்கும், ஊரிலிருக்கும் அப்பாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணம் இருக்காது.

அதனால் வங்கிக் கணக்கைத் திறந்து போன மாதச் செலவை வரி விடாமல் எழுதுங்கள். வாடகை, வீட்டுக் கடன் இ.எம்.ஐ., பால், கேஸ், கரண்ட் பில், ஸ்கூல் ஃபீஸ், வேன், பெட்ரோல், வீட்டு வேலை செய்யும் அக்காவுக்குச் சம்பளம், அயர்ன்காரர், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. அடுத்த பக்கத்தில் காசு கொடுக்காமல் கிடைப்பவற்றை எழுதுங்கள். மூன்று மணிக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் பாட்டி, சாவியை வாங்கி வைத்திருக்கும் எதிர் வீடு, போன் பண்ணினால் அரை மணியில் வந்து நிற்கும் பிளம்பர், ராத்திரி ஒன்பது மணிக்கும் பார்க்கும் தெருமுனை டாக்டர். எங்கள் நோட்டில் இந்த இரண்டாவது பக்கம்தான் நீளமாக இருந்தது.

சம்பளம்: புருட்டோவைப் பார்த்து மயங்காதீர்கள்

வேலைக் கடிதத்தில் இருப்பது புருட்டோ, அதாவது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. கைக்கு வருவது நெட்டோ. இரண்டுக்கும் நடுவில் வருமான வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, பராமரிப்புக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு என்று ஒரு வரிசையே நிற்கிறது. ஓய்வூதியத்துக்கு மட்டும் மொத்தம் 18.6 சதவீதம், பாதி உங்களிடம், பாதி கம்பெனியிடம். வருடம் 60,000 யூரோ என்றால், தனி ஆளுக்கு முதலாம் வரி வகுப்பில் மாதம் சுமார் 3,100 யூரோ கையில் வரும். மனைவியோ கணவரோ சம்பாதிக்காமல் கூடவே வசித்தால் மூன்றாம் வகுப்பு கிடைக்கும்; அப்போது சுமார் 3,500. இதைக் கணக்குப் போட 'புருட்டோ நெட்டோ' கணிப்பான்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் ஐந்து நிமிஷம் அதில் உட்காருங்கள்.

கிறிஸ்தவ நண்பர்களுக்கு ஒரு தகவல். ஊர்ப் பதிவு, அதாவது குடியேறிய முகவரியை உள்ளூர் அலுவலகத்தில் பதிவு செய்யும்போது படிவத்தில் மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்றோ அங்குள்ள புராட்டஸ்டன்ட் திருச்சபையைச் சேர்ந்தவர் என்றோ எழுதினால் திருச்சபை வரி தானாகப் பிடிக்கப்படும். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் அது வருமான வரித் தொகையில் 8 சதவீதம், பெரும்பாலான மற்ற மாநிலங்களில் 9. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம் பெரிய விஷயம். சென்னையில் நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் முதல் கட்டத்தில் இரண்டு சம்பளமும் வர வேண்டும். நீல அட்டை விசாவில் (பட்டம் பெற்றவர்களுக்கான ஐரோப்பிய வேலை விசா) போகிறவரின் துணைவருக்கு வேலை செய்ய அனுமதி உண்டு, கிளம்பும் முன் ஜெர்மன் மொழிச் சான்றும் கேட்பதில்லை. ஆனால் அனுமதி வேறு, வேலை வேறு. மென்பொருள் துறையைத் தாண்டினால் பெரும்பாலான இடங்களில் நன்றாக ஜெர்மன் பேச வேண்டும். என் மனைவி இங்கே பள்ளி ஆசிரியை. அங்கே முதல் ஒன்றரை வருஷம் மாணவியாக மொழி வகுப்பில் உட்கார்ந்தார். முதலில் போட்ட கணக்கில் அந்தப் பதினெட்டு மாதச் சம்பளத்தை நாங்கள் கழித்திருக்கவில்லை.

வீடு: இங்கேதான் கணக்கு உதைக்கும்

விளம்பரத்தில் இரண்டு வாடகை இருக்கும். 'கால்ட்மீட்டெ' என்பது குளிர் வாடகை, வெறும் இடத்துக்கு. 'வார்ம்மீட்டெ' என்பதில் வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை, படிக்கட்டு சுத்தம் எல்லாம் சேரும், பெரும்பாலும் கரண்ட் சேராது. உங்கள் இரண்டாவது கட்டத்தில் எழுத வேண்டியது வார்ம்மீட்டெ, அதோடு கரண்ட். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டை இலவசமாகக் கொடுக்கும் ஊரிலிருந்து வருகிறோம். அங்கே ஒரு யூனிட் கிட்டத்தட்ட 35 சென்ட், நம் கணக்கில் 35 ரூபாய்.

அறைகளை எண்ணும் விதமும் வேறு. ஹாலையும் ஒரு அறையாக எண்ணுவார்கள். 'மூன்று அறை வீடு' என்றால் நம் இரண்டு பெட்ரூம் வீடு. பரப்பு சதுர மீட்டரில் இருக்கும், 10.76-ஆல் பெருக்கினால் சதுர அடி. மியூனிக்கில் புதிதாக வீடு பிடிக்கிறவர்களிடம் சதுர மீட்டருக்கு 20 யூரோவுக்கு மேல் குளிர் வாடகை கேட்கிறார்கள். கிழக்கே இருக்கும் லைப்சிக் நகரத்தில் அதில் ஏறக்குறைய பாதி. ஜெர்மனி என்று ஒரே விலைப் பட்டியல் கிடையாது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். மியூனிக்கில் 60,000 தருகிறார்கள், லைப்சிக்கில் 52,000 தருகிறார்கள் என்றால், நான் லைப்சிக் கடிதத்தை இரண்டாம் முறை படிப்பேன்.

முன்பணம் மட்டும் நமக்கு ஆறுதல். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய காதுக்கு, மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்ற சட்டம் இனிமையாக இருக்கும். அதையும் மூன்று தவணையாகக் கட்ட உரிமை உண்டு. வீட்டைப் பார்க்காமல், சாவி வாங்காமல், "வெளியூரில் இருக்கிறேன், பணத்தை அனுப்புங்கள், சாவி கூரியரில் வரும்" என்று யாராவது எழுதினால் அது மோசடி. இதில் விதிவிலக்கே பார்க்காதீர்கள்.

இப்போது சமையலறை. எங்கள் வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனதும் நானும் மனைவியும் சமையலறைக் கதவைத் திறந்தோம். வெள்ளைச் சுவர், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு தண்ணீர்க் குழாய், அடுப்புக்கான ஒரு கனமான ஒயர். சிங்க் இல்லை, மேடை இல்லை, அலமாரி இல்லை. ஹாலில் பல்பு மாட்டும் இடத்தில் மூன்று கம்பி தொங்கியது. அங்கே பல வீடுகள் இப்படித்தான் கைமாறும். முன்பு இருந்தவர் தன் சமையலறையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார், அல்லது உங்களுக்கே விற்பார். முதல் பதினொரு நாள் குளியலறை வாஷ்பேசினில் பாத்திரம் கழுவினோம். விளம்பரத்தில் 'ஐன்பௌக்யூஹெ' என்ற சொல் இருந்தால் சமையலறை இருக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் ஒருமுறைச் செலவாக இரண்டாயிரம் யூரோவாவது ஒதுக்கி வையுங்கள்.

வார்ம்மீட்டெயில் இருக்கும் வெப்பச் செலவு முன்கூட்டியே வாங்கும் தோராயத் தொகைதான். வருஷத்துக்கு ஒருமுறை நிஜக் கணக்கு வரும், குறைந்தால் திருப்பித் தருவார்கள், கூடினால் நீங்கள் கட்ட வேண்டும். முதல் குளிர்காலத்தில் எல்லா அறையிலும் ஹீட்டரை உச்ச அளவான ஐந்தில் வைத்துவிட்டு, புழுங்குகிறது என்று ஜன்னலைப் பாதி திறந்து வைத்திருந்தோம். அடுத்த வருஷம் 640 யூரோவுக்குச் சீட்டு வந்தது. வீட்டுக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றில் வைத்தாலே போதும், காற்றுக்கு ஐந்து நிமிஷம் ஜன்னலை முழுசாகத் திறந்து மூட வேண்டும்.

பொருள் மலிவு, ஆள் விலை அதிகம்

இரண்டாவது, மூன்றாவது கட்டங்களை நிரப்ப இந்த ஒரு விதி போதும். பால், தயிர், முட்டை, பாஸ்தா, ஆப்பிள் எல்லாம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. எங்கள் மூன்று பேருக்கும் மளிகை, காய்கறி எல்லாம் சேர்த்து மாதம் 500 யூரோவுக்குள் முடிகிறது. ஆனால் ஒரு மனிதர் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்றால் விலை வேறு. குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 13.90 யூரோ (2026 ஜனவரி முதல்). வேலைக்கு ஆள், அயர்ன், வீட்டு வாசலுக்கு வரும் மெக்கானிக் என்ற வரிகளுக்கு நேரே மூன்றாவது கட்டத்தில் 'நாமே' என்று எழுதுங்கள். அலமாரி பூட்டுவது, முடி வெட்டுவது (பையனுக்காவது), பெயின்ட் அடிப்பது, எல்லாம் 'நாமே'. சனிக்கிழமை முழுக்க அதற்கே போகும்.

நம் சாமானுக்குக் கவலை வேண்டாம். எண்பதுகளிலிருந்து அகதிகளாக வந்து வேரூன்றிய ஈழத்தமிழர்கள் நடத்தும் கடைகள் பெரிய ஊர்களில் எல்லாம் இருக்கின்றன. கறிவேப்பிலை, முருங்கைக்காய், இட்லி அரிசி, உளுந்து கிடைக்கும். விலை மூன்று மடங்கு. நான் போகும் கடையில் அக்கா, "தம்பி, கத்தரிக்காய் நேற்றுத்தான் வந்தது, நல்லா இருக்கு, எடுங்கோ" என்பார். அவரிடம்தான் எந்தக் குழந்தை மருத்துவர் புது ஆட்களைச் சேர்க்கிறார் என்பதையும் தெரிந்துகொண்டேன். பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரத் தமிழாலயங்கள் பல ஊர்களில் வார இறுதியில் நடக்கின்றன. ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயிலுக்குத் தேர்த் திருவிழா சமயம் போனால் ஜெர்மனியில் இருப்பதே மறந்துபோகும்.

போக்குவரத்துக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதாந்திரச் சீட்டு. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026-இல் 63 ஆகியிருக்கிறது. நாடு முழுக்க நகரப் பேருந்து, மெட்ரோ, உள்ளூர் ரயில் எல்லாவற்றுக்கும் செல்லும். அதிவேக ரயிலுக்குச் செல்லாது. கார் கனவு இருந்தால் தள்ளிப்போடுங்கள். இந்திய லைசன்ஸ் ஆறு மாதம்தான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டையும் அங்கே எழுதி ஓட்டித் தேற வேண்டும். ஆயிரக்கணக்கில் யூரோ ஆகும்.

சில்லறைத் தலைவலிகளில் ஒன்று வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம். வீட்டில் டிவி இல்லாவிட்டாலும் மாதம் 18.36 யூரோ. தபாலில் சீட்டு வந்தால் மோசடி என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள், அது நிஜம்.

உடம்பு சரியில்லாத நாள்

செலவு என்று பார்த்தால் அங்கே பெரிய நிம்மதி. அரசு மருத்துவக் காப்பீட்டில் இருப்பவரின் வருமானமில்லாத துணைவரும் பிள்ளைகளும் கூடுதல் சந்தா இல்லாமல் அதிலேயே சேர்ந்துவிடுவார்கள். டாக்டரிடம் அட்டையைக் காட்டினால் போதும். மருந்துச் சீட்டுக்கு ஒவ்வொரு மருந்துக்கும் ஐந்து முதல் பத்து யூரோ. உடம்பு முடியாமல் படுத்தால் ஆறு வாரம் வரை முழுச் சம்பளம் வரும், புது வேலையில் முதல் நான்கு வாரம் முடிந்த பிறகு.

நேரம் என்று பார்த்தால் நேரெதிர். தோல் மருத்துவரைப் பார்க்க எனக்கு ஏழு வாரம் கழித்துத்தான் நாள் கிடைத்தது. சாதாரணக் காய்ச்சலுக்குப் போனால் டீ குடித்து ஓய்வெடுங்கள் என்று அனுப்புவார்கள், ஆன்டிபயாட்டிக் எழுதித்தர மாட்டார்கள். இது சரியான வைத்தியம் என்றுதான் இப்போது நினைக்கிறேன், முதல் தடவை கோபம் வந்தது. இரவில், விடுமுறையில் அழைக்க 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112. இரண்டையும் நோட்டின் அட்டையிலேயே எழுதிவையுங்கள். யாருக்காவது தொடர் சிகிச்சை நடக்கிறது என்றால், இங்குள்ள மருத்துவரிடம் மருந்துகளின் வேதிப் பெயரோடு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனிப் பெயர் அங்கே யாருக்கும் புரியாது.

பிள்ளைகள்

அரசுப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை. 'கிண்டர்கெல்ட்' என்று பிள்ளை ஒன்றுக்கு மாதம் 259 யூரோ அரசு தருகிறது. இந்த இரண்டு வரியும் கணக்கைத் தூக்கி நிறுத்தும். ஆனால் பள்ளிக்கு முந்தைய குழந்தைகள் காப்பகமான 'கிட்டா'வில் இடம் கிடைப்பது பெரும்பாடு. ஒரு வயது முடிந்த குழந்தைக்கு இடம் கிடைப்பது சட்டப்படி உரிமை, நடைமுறையில் காத்திருப்புப் பட்டியல். கட்டணமும் ஊருக்கு ஊர் வேறு. பெர்லினில் கட்டணம் இல்லை, சாப்பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் வாங்குவார்கள். மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை வைத்திருப்பவர்கள் வீடு தேடும் முன்பே கிட்டாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்வேன்.

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையோடு போகிறவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுவார்கள். பெர்லினிலும் பிராண்டன்பர்கிலும் ஆறாம் வகுப்புக்குப் பிறகு. பவேரியாவில் பல்கலைக்கழகத்துக்கு நேரே இட்டுச்செல்லும் கிம்னாசியத்தில் சேர ஜெர்மன், கணக்கு, பொது அறிவு மூன்றிலும் சேர்த்துச் சராசரி 2.33 அல்லது அதைவிட நல்ல மதிப்பெண் வேண்டும். அங்கே 1 தான் முதல் தரம், 6 கடைசி. மூன்றாம் வகுப்பில் போய் இறங்கும் பிள்ளைக்கு ஒன்றரை வருஷத்தில் ஜெர்மன் கற்று இதை எட்டுவது சுலபமில்லை. பின்னால் மாறிக்கொள்ள வழிகள் உண்டு. ஆனாலும் அந்த வயதில் பிள்ளை இருந்தால், மாநிலத்தைத் தேர்ந்தெடுப்பதும் கணக்கில் ஒரு வரிதான்.

விலைச்சீட்டு இல்லாத வரிகள்

டிசம்பரில் மியூனிக்கில் காலை எட்டு மணிக்கு விடிந்து நாலரைக்குள் இருட்டிவிடும். ஆபீஸ் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. வெயிலைத் திட்டியே வளர்ந்த எனக்கு வெயிலுக்காக மனம் ஏங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். முடிந்தால் விசாரித்து வரப் போகும் பயணத்தை நவம்பரில் வையுங்கள். ஜூனில் போனால் இரவு ஒன்பதைத் தாண்டியும் வெளிச்சம் இருக்கும், ஊரே ஆற்றங்கரையில் கிடக்கும், எல்லாருக்கும் பிடித்துவிடும்.

ஞாயிறு கடை கிடையாது. இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது, ஞாயிறு முழுக்கவும் அடக்கித்தான். மிக்ஸியில் சட்னி அரைப்பதற்கு முன் கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது.

பெற்றோர் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். ஒன்று, அவசரத்துக்கு அன்றே டிக்கெட் எடுக்கத் தனியாக ஒதுக்கும் பணம். எங்களுடையது 2,000 யூரோ, எதற்காகவும் தொடுவதில்லை. இன்னொன்று, அவர்களை ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இங்கே யார் என்பது. அதற்கு நேரே ஒரு பெயரும் போன் நம்பரும் இருக்க வேண்டும். "பார்த்துக்கலாம்" என்று எழுதாதீர்கள்.

கூட்டிப் பார்க்கும் நாள்

எங்கள் கணக்கு இப்படி வந்தது. சம்பளம் 3,500, கிண்டர்கெல்ட் 259. வார்ம்மீட்டெ 1,730, கரண்ட் 75, போனும் இணையமும் 50, வானொலிக் கட்டணம் 18, பயணச்சீட்டு இரண்டு பேருக்கு 126, மளிகை 500, பிள்ளையின் சாப்பாடு, வகுப்புகள் 150, துணிமணி, சில்லறை 100, வேளச்சேரி வீட்டு இ.எம்.ஐ. 350, அப்பா அம்மாவுக்கு 200. மிச்சம் 460 யூரோ. சென்னையில் இரண்டு சம்பளத்தில் மிச்சமானதைவிட இது குறைவு. மாமனாரிடம் இதைக் காட்டியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு கூட்டிப் பார்த்தார்.

அப்புறம் ஏன் போனோம்? வருஷத்துக்கு முப்பது நாள் லீவு, ஆறு மணிக்கு வீடு, மனைவிக்கு மூன்றாம் வருஷத்திலிருந்து வேலை வரும் என்ற நம்பிக்கை. இவற்றையும் நோட்டில் எழுதி, 460 போதும் என்று தெரிந்தே போனோம். நீங்கள் சேமிப்புக்காகத்தான் போகிறீர்கள் என்றால் மியூனிக் சரிவராது. தனி ஆளாக, சிறிய ஊரில், பகிர்ந்த வீட்டில் என்றால் கதை வேறு.

போவது என்று முடிவானால் குடும்பத்தோடு ஒரே விமானத்தில் ஏறாதீர்கள். வேலையில் முதல் ஆறு மாதம் பொதுவாகச் சோதனைக் காலம், இரண்டு வார நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம். வீட்டைக் காலி செய்யவோ நீங்கள் மூன்று மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒருவர் முன்னே போய், வீடு பிடித்து, ஊர்ப் பதிவு செய்து, சமையலறை இருக்கிறதா என்று பார்த்து, பிறகு மற்றவர்களை அழைப்பது நல்லது. பதிவுக்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும், சாவி வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். இங்கே திருமணச் சான்று, பிறப்புச் சான்று, பட்டங்கள் எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே சரிபார்த்து, அங்கே கேட்கும் வடிவில் மொழிபெயர்த்து வையுங்கள். வங்கிச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான ரூபாய்க் கணக்கு) ஆக மாற்றுவதையும் மறக்க வேண்டாம்.

நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு வருஷம் கழித்து அதே பக்கத்தில் நிஜமாக ஆன செலவைச் சிவப்பு மையில் எழுதினோம். மளிகையில் எங்கள் கணிப்பு கிட்டத்தட்ட சரி, வெப்பச் செலவில் மோசமாகத் தப்பு. அயர்ன் என்ற வரிக்கு நேரே 'நாமே' என்று எழுதியிருந்ததை மனைவி அடித்துவிட்டு, 'யாரும் இல்லை, சுருக்கத்தோடுதான் போகிறார்' என்று எழுதியிருந்தார்.